மின்தடைக்காக மைன்கிராஃப்ட் சர்வரை நிறுத்தினேன், திரும்பப் போட்டால் புது உலகம். பழையது கிடைக்குமா?

பெருந்துறைக்காரன்:
வணக்கமுங்க. சொந்தக்காரப் பிள்ளைகள் ஆறு பேருக்காக மைன்கிராஃப்ட் ஜாவா விளையாட்டுச் சர்வர் ஒன்றை டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டியில், அதாவது கன்டெய்னரில், ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறேன். ஆபீசில் கழித்துப்போட்ட டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், உபுண்டு. எல்லாரும் பயன்படுத்தும் அந்த ஐடிசட்ஜி இமேஜ்தான் (சர்வருக்குத் தேவையானதைக் கட்டிவைத்த தயார்ப் பொதி).

நேற்று எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணிக்குக் கரண்ட் போய்விடும். திடீரென அணைந்தால் சேவ் கெட்டுவிடுமே என்று முன்கூட்டியே 'டாக்கர் கம்போஸ் டவுன்' கொடுத்து நிறுத்தினேன். சாயங்காலம் 'அப்' கொடுத்தேன். சர்வர் எழுந்தது. உள்ளே போனால் யாரும் கால் வைக்காத காடு!

நாலு மாதமாக அப்புச்சி தோட்டத்தை அப்படியே கட்டிக்கொண்டிருந்தார்கள். சாளை, தொண்டுப்பட்டி, கிணற்றுக்குள் இறங்கும் படி வரைக்கும். அக்கா பையன் "மாமா, கெணறு எங்க?" என்று கேட்டவன் சோறு தின்னாமல் படுத்துவிட்டான்.

சர்வர் அமைப்புகளை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் இமேஜ் பெயர், 25565 போர்ட், யூலா (உரிம ஒப்பந்தம்) ட்ரூ, மெமரி 4ஜி, ரீஸ்டார்ட் ஆல்வேஸ். அவ்வளவுதான்.

பல்லடம்_தறி:
பழைய குப்பை ஏதோ மாட்டியிருக்கும். 'டாக்கர் வால்யூம் ப்ரூன்' (பயன்படாத வால்யூம்களை, அதாவது டாக்கர் தரவு வைக்கும் இடங்களை, அழிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

கோபி_லினக்ஸ்:
ஐயோ, ப்ரூன் பக்கமே போகாதீங்க! உலகம் இருந்தால் அந்தக் குப்பைக்குள்தான் இருக்கும்.

உங்கள் கோப்பில் வால்யூம் வரியே இல்லை. இந்த இமேஜ் உலகத்தை 'டேட்டா' என்கிற அடைவில் எழுதும். நாம் இடம் காட்டாவிட்டால் டாக்கர் தானாகவே பெயரில்லாத வால்யூம் ஒன்றை உண்டாக்கி அதில் வைத்துக்கொள்ளும். 'டவுன்' கொடுத்ததும் கன்டெய்னர் அழிந்தது, வால்யூம் அழியவில்லை. ஆனால் அது யாருடையது என்று சொல்ல ஆளில்லை. அதனால் அடுத்த 'அப்'புக்குப் புது வால்யூம், புது உலகம். டாக்கர் 23-லிருந்து ப்ரூன் வழக்கமாகத் துடைப்பதே இப்படிப் பெயரில்லாமல் சும்மா கிடப்பவற்றைத்தான்.

'டவுன்' உடன் ஹைஃபன் வி (வால்யூமையும் சேர்த்து அழிப்பது) சேர்த்தீர்களா? சேர்த்திருந்தால் போச்சு. இல்லையென்றால் சர்வரை நிறுத்திவிட்டு 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' கொடுங்கள். 64 எழுத்தில் நீளநீளமாகப் பெயர்கள் வரும். வார், லிப், டாக்கர், வால்யூம்ஸ் என்று ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) உள்ளே போய் எது பெரியது என்று 'டியூ' போட்டுப் பாருங்கள்.

பெருந்துறைக்காரன்:
வி சேர்க்கவில்லைங்க. மூன்று இருக்கிறது. ஒன்று 1.9 ஜிபி! அதில் 'வேர்ல்ட்' அடைவும், நேற்றுக் காலை தேதியோடு 'லெவல் டாட்' கோப்பும் இருக்கிறது.

கோபி_லினக்ஸ்:
அதேதான். கம்போஸ் கோப்பு இருக்கும் இடத்தில் 'டேட்டா' என்று ஓர் அடைவு உண்டாக்கி 'சிபி ஹைஃபன் ஏ' கொண்டு நகலெடுங்கள். நகர்த்தாதீர்கள், நகல் மட்டும். உரிமை 1000 என்ற பயனர் எண்ணுக்கு இருக்கவேண்டும். அப்புறம் கோப்பில் வால்யூம்ஸ் பகுதி சேர்த்து, அந்த அடைவைக் கன்டெய்னரின் டேட்டாவோடு இணையுங்கள்.

அவினாசி_ஜாவா:
இதற்குத்தான் டாக்கரே வேண்டாம் என்பது. ஜாவாவை நேரே ஓட்டினால் உலகம் கண்ணெதிரே அடைவில் கிடக்கும்.

கோபி_லினக்ஸ்:
ஒரு வரி எழுதினால் இதிலும் கண்ணெதிரேதான் கிடக்கும்ங்க.

பெருந்துறைக்காரன்:
செய்தேன், மறுபடியும் காடு! கை நடுங்குகிறது.

கோபி_லினக்ஸ்:
பதறாதீங்க, அசல் பத்திரமாகத்தான் இருக்கிறது. டேட்டா அடைவுக்குள் என்ன தெரிகிறது?

பெருந்துறைக்காரன்:
'_டேட்டா' என்று ஓர் அடைவு, அதற்குள் பழைய வேர்ல்ட். வெளியே இப்போது பிறந்த வேர்ல்ட் ஒன்று. ஓ... வால்யூமுக்குள் இருந்த அடைவையே தூக்கிவந்து வைத்துவிட்டேன்.

கோபி_லினக்ஸ்:
நானும் ஒருமுறை இப்படியே முழித்திருக்கிறேன். நிறுத்திவிட்டு வெளியே புதிதாக வந்ததையெல்லாம் அகற்றுங்கள். உள்ளே இருப்பவற்றை ஒரு படி மேலே கொண்டுவாருங்கள்.

பெருந்துறைக்காரன்:
வந்துவிட்டதுங்க! கிணறு, படி, தொண்டுப்பட்டியில் அடைத்த மாடு வரைக்கும் இருக்கிறது. பையனை எழுப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு, ராத்திரி பத்தரைக்கு இட்லி கேட்கிறான்.

கோபி_லினக்ஸ்:
நல்லதுங்க. அடுத்த மின்தடைக்கு 'டவுன்' வேண்டாம், 'ஸ்டாப்' போதும். கரண்ட் வந்து கணினி எழுந்ததும், ரீஸ்டார்ட் ஆல்வேஸ் இருப்பதால் சர்வரும் எழும். இன்னொன்று, ஸ்டாப் கொடுத்தால் டாக்கர் வழக்கமாக 10 விநாடிதான் பொறுக்கும், பிறகு கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். உலகம் பெரிதாக இருந்தால் சேவ் முடியாமல் போகலாம். கோப்பில் 'ஸ்டாப் கிரேஸ் பீரியட்' ஒரு நிமிடம் என்று போட்டுவையுங்கள்.

பெருந்துறைக்காரன்:
போட்டுவிட்டேன். அந்த 1.9 ஜிபி பழைய வால்யூமை இப்போது அழிக்கலாங்களா?

கோபி_லினக்ஸ்:
பிள்ளைகள் ஒரு வாரம் விளையாடட்டும். அதற்குள் டேட்டா அடைவை ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். அப்புறம் அழிக்கலாம்.