மறுமொழி: மிடி வலைவாயிலுக்குத் தமிழ்ச்சொல் – ‘இசையேவல்’ என்ற முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மிடி (MIDI) என்பது இசைக்கருவிகளும் கணினிகளும் ஒன்றையொன்று இயக்கப் பயன்படும் தரம். வலையமைப்பின் ஊடாக மிடிக் கருவிகளை இயக்கும் கட்டற்ற மென்பொருளின் பட்டிகளை (மெனுக்களை) தமிழாக்கும்போது, அந்த மென்பொருளை என்னவென்று அழைப்பது என்று எழுந்த கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் வந்திருக்கின்றன: ‘ஒலிவலை’, ‘இசைக்கட்டளை வாயில்’, யாழ்ப்பாணத்து நண்பர் அன்போடு தந்த ‘இசைப்படலை’. மூன்றையும் இலங்கை மலையகத்தின் பண்டாரவளையில் என்னிடம் கணினி பழக வரும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். படலை என்றதும் இரண்டு பேர் விழித்தார்கள். எங்கள் தோட்டங்களில் அது ‘கேட்’ தான். நண்பர் மன்னிக்க வேண்டும், சொல் அழகானது, ஆனால் ஊர் கடந்து வரவில்லை.

‘ஒலிவலை’யை நான் மறுப்பதற்குக் காரணம் வேறு. மிடிக் கருவிகளை இணைக்கும் கம்பியில் ஒலி போவதே இல்லை. ஓர்கனில் நடு ‘சி’ கட்டையை அழுத்தினால் வெளியே செல்பவை 144, 60, 100 என்பன போன்ற மூன்று எண்கள் மட்டுமே. ‘முதலாம் வழியில் ஒலிக்கத் தொடங்கு’ என்பது 144இன் பொருள் (‘வழி’ என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்). எந்தக் கட்டை என்பதை 60 சொல்கிறது. எவ்வளவு வேகமாக விரல் இறங்கியது என்பதை 100 சொல்கிறது. விரலை எடுத்ததும் ‘நிறுத்து’ என்ற பொருளில் 128இல் தொடங்கும் இன்னொரு மூன்றெண் தொகுதி போகிறது. 1983இல் வெளிவந்த தரப்படி ஐந்து முனைக் கம்பியில் நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்வதால், ஒரு தொகுதி போய்ச் சேர ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி ஆகிறது. வயலினாக ஒலிப்பதா வீணையாக ஒலிப்பதா என்பதெல்லாம் மறுமுனையில் இருக்கும் கருவியின் பொறுப்பு. ஆகவே ‘ஒலி’ என்று தொடங்கும் எந்தப் பெயரும் படிப்பவரை முதல் அடியிலேயே தவறான பாதையில் இறக்கிவிடும். ‘ஒலிவலை’ என்று படித்த ஒரு மாணவன் ஒலிபெருக்கியை நேரே வலைக்கம்பியில் பொருத்த முடியுமா என்று கேட்டான். அவன் மேல் குற்றமில்லை.

தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டிப் பிரிக்கும் இடத்துக்கு) ஆட்களை அழைக்கத் தப்படித்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அடியைக் கேட்டவர் யாரும் அதை இசையாகக் கேட்கவில்லை. எழுந்து வா என்று கேட்டார்கள். அங்கே ஒலி ஏவலைச் சுமந்து வந்தது. இங்கே ஏவல் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒலி பிறக்கிறது. இரண்டிலும் பயணம் செய்வது ஏவலே என்பதால், அந்த மூன்றெண் தொகுதிக்கு ‘இசையேவல்’ என்றும், அதனை வலையமைப்புக்குள் வாங்கி அனுப்பும் மென்பொருளுக்கு ‘இசையேவல் வலைவாயில்’ என்றும் பெயரிடலாம் என முன்மொழிகிறேன். வா, போ, நில் என்பவற்றை ஏவல் வினை என்று இலக்கண வகுப்பில் படித்த எவருக்கும் இச்சொல் புதிதல்ல.

எதிர்ப்புகளை நானே எடுத்து வைக்கிறேன். ஏவல், பில்லி, சூனியம் என்ற தொடர் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வரத்தான் செய்யும், ஆனால் முன்னால் ‘இசை’ ஒட்டிக்கொண்ட பிறகு அந்த நினைவு நெடுநேரம் நிற்காது. ‘ஏவலாள்’ என்ற சொல்லின் கசப்பு அதைவிட ஆழமானது; ஏவப்பட்டே வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாங்கள் அதை அறியாதவர்கள் அல்லர். இங்கே ஏவப்படுவது ஓர் இயந்திரம் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. பிறருக்கு உறுத்தினால் சொல்லுங்கள்.

‘கட்டளை’ ஏன் கூடாது என்பதே கடினமான கேள்வி. லினக்ஸ் கணினியின் முனையத்தில் (டெர்மினலில்) எழுத்தாகத் தட்டும் ‘கமாண்ட்’டுக்கு அந்தச் சொல்லை நாம் முன்பே கொடுத்துவிட்டோம். இரண்டுக்கும் ஒன்றையே வைத்தால் உதவிப் பக்கத்தில் ‘இக்கட்டளையைத் தட்டினால் கட்டளைகள் மறுகணினிக்குச் செல்லும்’ என்று எழுத நேரும். அதைப் படிப்பவர் எந்தக் கட்டளை எங்கே போகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

‘மிடி’ என்ற எழுத்துப்பெயர்ப்பே போதாதா என்போருக்கு ஒன்று. பழந்தமிழில் மிடி என்றால் வறுமை. அதன் பொருளை மலையகத்தாருக்கு அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. தரத்தின் பெயராக அறிமுகப் பக்கத்தில் அது இருக்கட்டும். பட்டிதோறும் ‘மிடியை இணை’, ‘மிடியை அனுப்பு’ என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

இனி, என் மனத்தில் அதிகம் நிற்கும் சொல்லுக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒரு மண்டபத்தில் இரண்டு மடிக்கணினிகளைக் கம்பியில்லா வலையமைப்பால் இணைத்து, மேடையிலிருந்த ஓர்கனைக் கொண்டு பின்னறையிலிருந்த ஒலியாக்கியை (சின்தசைசரை) இயக்கிப் பார்த்தோம். பயன்படுத்தியது கியூமிடிநெட் (QmidiNet) என்ற வலைவாயில் மென்பொருள், அது ஏவல்களை, வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்காத யூடிபி (UDP) பொதிகளாக்கி ஒரே வேளையில் பலருக்கு அனுப்புகிறது. பாட்டு முடிந்தது, வாசித்த பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றது, ஆனால் பின்னறையில் ஒரு சுரம் மட்டும் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் நீண்டுகொண்டே இருந்தது. பலருக்கு ஒருசேர அனுப்பும் பொதிகளுக்குக் கம்பியில்லா வலையமைப்பு ‘கிடைத்தது’ என்ற பெறுகைச் சான்று கேட்பதில்லை, தொலைந்தது தொலைந்ததுதான். தொலைந்தது ‘ஒலிக்கத் தொடங்கு’ என்ற ஏவலாக இருந்தால் ஒரு சுரம் குறையும், அநேகமாக யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘நிறுத்து’ என்ற ஏவல் தொலைந்தால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். ஆர்டிபி-மிடி என்ற முறை (ஆர்எஃப்சி 6295 என்ற இணையத் தர ஆவணம், 2011) அண்மைய ஏவல்களின் குறிப்பேடு ஒன்றைப் பின்வரும் பொதிகளோடு சேர்த்தே அனுப்புவதால், இழந்ததை மறுமுனை ஊகித்துச் சரிசெய்துகொள்ள முடிகிறது. நாங்கள் அன்று செய்தது அதைவிட எளிது: கம்பியில்லா இணைப்பை விட்டு, வலைக்கம்பியை இழுத்து மாட்டினோம்.

அந்த நிலைக்கு ‘தொங்கும் சுரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சுரம் எங்கும் தொங்கவில்லை, நிற்க மறுக்கிறது. எனவே ‘நில்லாச் சுரம்’ எனலாம். அதை அடக்கும் பொத்தானுக்கு வந்த ‘பீதிப் பொத்தான்’ என்பதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். பொத்தானில் அழுத்துபவரின் மனநிலையை எழுதத் தேவையில்லை. ‘அனைத்தையும் நிறுத்து’ என்று அது செய்யும் வேலையை எழுதினால் போதும்.

சிறு சொற்கள் இரண்டு. ஏவல் யாருக்கு என்று பிரித்துக் காட்ட மிடியில் உள்ள பதினாறு பிரிவுகளுக்கு (சேனல்களுக்கு) ‘அலைவரிசை’ பொருந்தாது, ஏனெனில் அங்கே அலையே இல்லை. ‘தடம்’ ஒலிப்பதிவுக்குத் தேவைப்படுகிறது. ‘வழி’ போதும். இதை வகுப்பில் விளக்க நான் தோட்டத்து லயத்தைத்தான் (வரிசை வீட்டைத்தான்) எடுத்துக்கொள்கிறேன்: ஒரே லயம், பதினாறு காம்பரா (அறை), வாசலில் நின்று இலக்கம் சொல்லிக் கூப்பிட்டால் அந்த இலக்கத்துக் கதவு மட்டும் திறக்கும். விரல் இறங்கும் வேகத்துக்குத் ‘தொடுவேகம்’ எனலாம். ‘அழுத்தம்’ என்று வைத்தால், கட்டையை அழுத்திய பிறகு மேலும் அமுக்குவதைத் தனியே குறிக்கும் ஏவலுக்குச் சொல் இல்லாமல் போகும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது, ஒலியளவு போன்றவற்றை மாற்றும் ஏவலின் பெயர். 7ஆம் எண் ஒலியளவையும் 64ஆம் எண் கால்மிதியையும் ஆள்கின்றன. ஒன்று 0 முதல் 127 வரை படிப்படியாக நகர்வது. மற்றையது 63 வரை ‘விடு’, 64 முதல் ‘பிடி’ என இரண்டே நிலை கொண்டது. ‘அளவேவல்’ என்றால் முதலாவதற்குப் பொருந்துகிறது, கால்மிதிக்கு இடறுகிறது. ‘நிலையேவல்’ என்றால் மிதிக்குச் சரி, ஒலியளவுக்கு ஒட்டவில்லை. பட்டியில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. இரண்டையும் தாங்கும் ஒரு சொல் யாரிடமாவது இருந்தால், அடுத்த பதிப்புக்கான கோப்பை அனுப்புவதற்கு முன் எழுதுங்கள்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து