லின்ச்சிடம் கொடுத்திருந்தால்

குழு: பெரிய வீடு

சித்தப்பா: நண்பர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் கடைசி நேரத்தில் எடுத்த மடத்தனமான முடிவு எது? யோசிக்கவே வேண்டாம். 2015, சியாட்டில், பீட் கரோல்.

வித்யா: சித்தப்பா, காலையிலேயேவா?

கார்த்தி: அப்பாவுக்கு இது வருடாந்திர திதி மாதிரி. தவறாமல் நடக்கும்.

அத்தை: யார் அந்தக் கரோல்? என்ன செய்தார்?

சித்தப்பா: அக்கா, சியாட்டில் அணியின் பயிற்சியாளர். ஒரு யார்டு, அதாவது மூன்றடி. அதைத் தாண்டினால் கோப்பை. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. மார்ஷான் லின்ச் என்று ஒருவர் இருந்தார், நாலு பேர் மேலே விழுந்தாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு போவார். அவர் கையில் பந்தைக் கொடுத்துத் தள்ளு என்றால் முடிந்தது. கரோல் வீசச் சொன்னார். எதிரணிப் பையன் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தார் மனிதர்.

அத்தை: அடப்பாவமே.

வித்யா: அத்தை, பாதிக் கதையை மட்டும் கேட்டுப் பரிதாபப்படாதீர்கள்.

வித்யா: பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதில் மூன்று மீதி இருந்தது. கடிகாரத்தில் 26 விநாடி. ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் டைம்-அவுட் ஒன்றே ஒன்று. ஓடுபவரைக் களத்துக்குள் மடக்கிவிட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீசிய பந்தை யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் நின்றுவிடும். ஆக, மூன்று முயற்சியும் வேண்டுமென்றால் குறைந்தது ஒன்று வீச்சாக இருக்க வேண்டும். கரோல் அதை முதலில் வைத்துக்கொண்டார். பந்து கீழே விழுந்திருந்தால் அப்புறம் லின்ச்சுக்கு இரண்டு தடவை கொடுத்திருப்பார், யாரும் இதைப் பேசியிருக்கவே மாட்டார்கள்.

சித்தப்பா: கணக்கு சரி. ஆட்டம் தப்பு.

சித்தப்பா: அன்றைக்கு லின்ச் 24 முறை ஓடி 102 யார்டு எடுத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆளை நிறுத்தி வைத்துவிட்டுக் கணக்குப் போடுவதா?

வித்யா: அதற்கு முந்தைய முயற்சியில் ஓடியது அதே லின்ச்தானே? கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் மடக்கிவிட்டார்கள். அடுத்ததற்கு பேட்ரியட்ஸ் கனமான ஆட்களாகப் பார்த்து இறக்கினார்கள், ஓட்டத்தை மறிக்க. அந்தச் சுவரில் முட்டி ஒரு முயற்சியை ஏன் வீணாக்க வேண்டும் என்றுதான் கரோல் நினைத்தார்.

கார்த்தி: அக்கா, வீசலாம், சரி. ஆனால் அந்த வீச்சா? கூட்டத்துக்கு நடுவே போகிற பந்து, அதுவும் ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு. அணியின் முதல் தேர்வான ஆள்கூட இல்லை. ஓரமாக வீசியிருந்தால், பிடித்தால் சியாட்டில், இல்லாவிட்டால் எல்லைக்கு வெளியே.

வித்யா: அது நியாயமான குறை. வீசியது தப்பில்லை, எங்கே வீசினார்கள் என்பதுதான். அதைக் கேட்டால் ஒத்துக்கொள்வேன். ஆனால் எல்லாரும் கேட்பது “ஏன் லின்ச் இல்லை” என்று மட்டும்.

அத்தை: எனக்கு ஒரு சந்தேகம். இவர் இப்படி என்றால், எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்?

வித்யா: அத்தை!! பத்து வருடமாக இந்தக் குழுவில் யாரும் கேட்காத கேள்வி.

வித்யா: ஒன்றும் செய்யவில்லை. பில் பெலிசிக் கையில் டைம்-அவுட் இருந்தது. கூப்பிடவில்லை. ஒரு நிமிடம் இருந்த கடிகாரம் 26க்கு இறங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லின்ச் உள்ளே விழுந்திருந்தால் பதில் கொடுக்க, பேட்ரியட்ஸுக்காகப் பந்து வீசும் டாம் பிரேடிக்கு சுமார் இருபது விநாடிதான் மிஞ்சியிருக்கும். சித்தப்பாவின் மடத்தனப் பட்டியலில் அப்போது முதல் பெயர் பெலிசிக்.

சித்தப்பா: அவர் சியாட்டில் பதறுவதைப் பார்த்துவிட்டார். அதனால்தான் விட்டார்.

வித்யா: ஜெயித்ததால் மௌனம் ஞானம் ஆகிவிட்டது.

கார்த்தி: இதே பெலிசிக் 2012 இறுதி ஆட்டத்தில் நேர் எதிராகச் செய்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் கோட்டருகே வந்துவிட்டது, எப்படியும் புள்ளி எடுக்கும். நேரமாவது மிஞ்சட்டும் என்று தன் ஆட்களையே வழிவிடச் சொன்னார். அகமது பிராட்ஷா சூழ்ச்சி புரிந்து கோட்டின் மேலேயே நிற்கப் பார்த்தார், முடியவில்லை, பின்பக்கமாகச் சாய்ந்து உள்ளே விழுந்தார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பிரேடிக்கு 57 விநாடி கிடைத்தது. போதவில்லை. 21–17 தோல்வி. அதற்காக யாராவது பெலிசிக்கைத் திட்டினார்களா?

சித்தப்பா: ஆறு கோப்பை ஜெயித்தவரைத் திட்ட வாய் வருமா?

வித்யா: கரோலும் அதற்கு முந்தைய வருடம்தான் டென்வரை 43–8 என்று துவைத்துக் கோப்பை வாங்கினார். அது எங்கே போயிற்று?

கார்த்தி: அப்புறம் இன்னொன்று. அன்று நான்காம் கால் பகுதியில் சியாட்டில் 24–14 என்று முன்னிலையில் இருந்தது. பத்துப் புள்ளியைக் காப்பாற்ற முடியாமல் விட்டது தடுப்பாட்டம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கார்த்தி: தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் டான் குவின். அடுத்த இரண்டு வருடத்தில் அவரே அட்லாண்டாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகி, அதே பேட்ரியட்ஸிடம் 28–3 முன்னிலையைக் கோட்டை விட்டார்.

அத்தை: 25 புள்ளியா? அது எப்படி விட முடியும்?

கார்த்தி: அதில்தான் நிஜமான மடத்தனம் அத்தை. 28–20. அட்லாண்டா பந்தோடு எதிரணியின் 22 யார்டுக்கு வந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட மீதி இல்லை. பேசாமல் மூன்று முறை ஓடி, நேரத்தைக் கரைத்து, பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் வித்தியாசம் 11. கதை முடிந்தது. தாக்குதலைப் பார்த்துக்கொண்ட கைல் ஷனஹன் ஒரு ஓட்டம் போனதும் வீச ஆரம்பித்தார். வீசப்போனவரையே பின்னால் வைத்து அமுக்கினார்கள், அடுத்து ஒரு பிழைக்குத் தண்டனை, உதைக்க முடியாத தூரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். கடைசியில் கூடுதல் நேரத்தில் 34–28.

சித்தப்பா: உன் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டினைனர்ஸுக்கே அந்த ஷனஹன் தலைமைப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தாரே, அதைச் சொல்.

கார்த்தி: வெந்த புண்ணில் வேல் பாய்ச்சாதீர்கள் அப்பா.

சித்தப்பா: 2020 இறுதி ஆட்டம். கான்சஸ் சிட்டியோடு நான்காம் கால் பகுதியில் 20–10 முன்னிலை. முடிவு 31–20.

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா: நான் பார்த்துவிட்டேன் கார்த்தி. அப்பாவிடம் அப்படிப் பேசக் கூடாது.

கார்த்தி: 2024ஐ நானே சொல்லிவிடுகிறேன், அவர் சொல்லிக் கேட்க வேண்டாம். மறுபடி கான்சஸ் சிட்டி. கூடுதல் நேரம். டாஸ் ஜெயித்த ஷனஹன் பந்தை முதலில் வாங்கினார். இரண்டு அணிக்கும் ஒரு வாய்ப்பு உறுதி என்று பிளே-ஆஃப் விதியை 2022இல் மாற்றியிருந்தார்கள். அப்படியானால் இரண்டாவதாக ஆடுவதுதான் லாபம், எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆடலாம். நாங்கள் மூன்று எடுத்தோம். அவர்கள் ஆறு எடுத்து 25–22.

வித்யா: அதற்கும் அவர் ஒரு காரணம் சொன்னார். இரண்டு அணியும் சமமாக முடித்தால் மூன்றாவது வாய்ப்பு முதலில் ஆடியவருக்கு. அப்போது எடுக்கும் எந்தப் புள்ளியும் வெற்றி. அது மோசமான யோசனை இல்லை.

கார்த்தி: யோசனையை விடுங்கள் அக்கா. எங்கள் வீரர்கள் சிலர் ஆட்டம் முடிந்த பிறகு, புது விதியே எங்களுக்குத் தெரியாது என்றார்கள். எதிரணியோ அதைப் பேசிப் பேசித் தயாராகி வந்திருந்தது. அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

அத்தை: விதியைச் சொல்லாமலா களத்தில் இறக்குவார்கள்? அது தப்பு.

சித்தப்பா: எதிர்ப்பக்கம், கான்சஸ் சிட்டியின் பயிற்சியாளர் ஆண்டி ரீடைப் பாருங்கள். அவருக்குக் கடிகாரமே பார்க்கத் தெரியாது என்று ஒரு காலத்தில் ஊரே சிரித்தது. 2005 இறுதி ஆட்டத்தில் அப்போது அவர் பயிற்சியாளராக இருந்த ஃபிலடெல்ஃபியா பத்துப் புள்ளி பின்தங்கி இருந்தது. கடைசிக் கட்டத்தில் அவசரமே இல்லாமல் நடந்து நடந்து கிட்டத்தட்ட நாலு நிமிடத்தைத் தின்றார்கள். 24–21 தோல்வி.

வித்யா: அதே ரீடின் கான்சஸ் சிட்டி ஆட்கள் 2023 இறுதி ஆட்டத்தில் என்ன செய்தார்கள்? 35–35. ஜெரிக் மெக்கினன் முன்னால் வாசல் திறந்து கிடந்தது. உள்ளே போகாமல் கோட்டுக்கு முன்பே சறுக்கி உட்கார்ந்துவிட்டார். நேரம் கரைந்தது. 8 விநாடி இருக்கும்போது உதைத்து 38–35. பிராட்ஷாவால் முடியாமல் போனதை இவர் செய்து காட்டினார்.

அத்தை: கிடைக்கிற புள்ளியை வேண்டாம் என்று உட்கார்ந்தவர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. சரி, அந்தக் குறுக்கே பாய்ந்த பையன் என்ன ஆனான்?

வித்யா: மால்கம் பட்லர். யாரும் தேர்வு செய்யாமல் தானாக வந்து சேர்ந்த புதுமுகம். பயிற்சியில் அதே வீச்சில் ஒரு முறை ஏமாந்திருக்கிறார். அதனால்தான் இறுதி ஆட்டத்தில் பார்த்தவுடன் பாய்ந்தார்.

சித்தப்பா: மூன்று வருடம் கழித்து 2018 இறுதி ஆட்டத்தில் அதே பெலிசிக் அவரைத் தடுப்பாட்டத்தில் ஒரு முறைகூட இறக்கவில்லை. ஃபிலடெல்ஃபியா 41 புள்ளி எடுத்தது. தோல்வி.

அத்தை: ஏனாம்?

சித்தப்பா: அணிக்கு நல்லது என்று பட்டதைச் செய்ததாகச் சொன்னார். அதோடு சரி.

கார்த்தி: கரோலாக இருந்தால் இந்நேரம் அப்பா அதற்கும் ஒரு திதி வைத்திருப்பார்.

சித்தப்பா: வாக்கெடுப்பு போடுகிறேன். லின்ச்சா, வீச்சா?

(வாக்கெடுப்பு: லின்ச் 2, வீச்சு 3)

கார்த்தி: நாம் நாலு பேர்தானே? எப்படி ஐந்து?

வித்யா: அத்தை இரண்டிலும் டிக் போட்டிருக்கிறார்கள்.

அத்தை: ஒன்றில்தான் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

கார்த்தி: ஷனஹன் வேலையைப் பார்த்திருக்கிறீர்கள் அப்பா.