ஸ்விஃப்ட்டுக்கு 175/65 போடலாமா? ஸ்பீடோமீட்டர் தப்பாக் காட்டுமா? (அவசரம்)

குமரன்77:
வணக்கம். ஸ்விஃப்ட், நாலு டயரும் மொட்டை. கடையில நம்ம சைஸ் ஸ்டாக் இல்ல, வர ஒரு வாரம் ஆகுமாம். 175/65 கையில இருக்கு, அதே ரிம்முக்குப் போகும், அகலம் ஜாஸ்தி, க்ரிப் நல்லா இருக்கும்னு கடைக்காரர் சொல்றார். விலையும் கம்மி. போட்டா மீட்டர்ல ஸ்பீடு தப்பாக் காட்டும்னு கூட நின்னவர் ஒருத்தர் குழப்பி விட்டுட்டார். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும், ப்ளீஸ்.

பஞ்சர்பாண்டி:
எந்த வருஷ ஸ்விஃப்ட், எந்த வேரியண்ட்? இரும்பு ரிம்மா, அலாயா? "நம்ம சைஸ்"னா எங்களுக்கு எப்படிங்க தெரியும்? டயர் பக்கவாட்டுல இருக்கறதை அப்படியே எழுதுங்க. ஸ்டெப்னி என்ன சைஸ்னும் பாருங்க.

கோவைக்காரன்:
ஸ்விஃப்ட்னா 185/65 ஆர்15 தானே. விட்டம் 621.5 மி.மீ. 175/65 ஆர்15 போட்டா 608.5. ரெண்டு சதவீதம்தான் குறையுது. யோசிக்காமப் போடுங்க.

ரேடியல்ராஜா:
15னு கேட்டவர் சொன்னாரா? கீழ் வேரியண்ட்ல 14 வருதுன்னு தெரியாமலே "யோசிக்காமப் போடுங்க". பிரமாதம்.
எத்தனை தடவை எழுதினாலும் மறுபடி வந்து கேக்கறீங்க, கடைசியா ஒருமுறை சொல்றேன். முதல் எண் அகலம், மி.மீ.ல. ரெண்டாவது எண், பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்துல எத்தனை சதவீதம்னு. கடைசி எண் ரிம் விட்டம், இன்ச்சுல. 165/80 ஆர்14ஐ எடுத்துக்குங்க: 165ல 80 சதவீதம் 132, மேலயும் கீழயும் சேர்த்து 264. ரிம் 14 × 25.4 = 355.6. ஆக 619.6 மி.மீ. நாலாங்கிளாஸ் கணக்கு.

கோவைக்காரன்:
ஐயா, கணக்கு எனக்கும் தெரியும். வேரியண்ட் சொல்லாதது அவர். கோபத்தை அங்க காட்டுங்க.

குமரன்77:
சாரி. 2019 விஎக்ஸ்ஐ, இரும்பு ரிம். டயர்ல 165/80 ஆர்14 85டி. ஸ்டெப்னியும் அதேதான். கடையில இருக்கறது 175/65 ஆர்14 82டி.

பஞ்சர்பாண்டி:
அப்ப வேண்டவே வேண்டாம். "அதே ரிம்முக்குப் போகும்"ங்கறது உண்மைதான், மாட்டினா உக்காரும். ஆனா உயரம் பாருங்க. 175ல 65 சதவீதம் 113.75, ரெண்டு பக்கமும் 227.5, ரிம்மோட சேர்த்து 583.1 மி.மீ. உங்க டயர் 619.6. கிட்டத்தட்ட 6 சதவீதம் சின்னது.

சின்ன டயர் ஒரு கி.மீ.க்கு அதிகச் சுத்து சுத்தும். மீட்டர் எண்றது சுத்தை மட்டும்தான். இப்ப 80 காட்டற அதே வேகத்துல இனிமே 85 காட்டும். ஓடோமீட்டரும் அதே கதி: நிஜமா 10,000 ஓடினா 10,600 ஏறியிருக்கும். சர்வீஸ், வாரண்டி கி.மீ. எல்லாம் சீக்கிரம் தீரும், விக்கும்போதும் அடி. மைலேஜ் மட்டும் காகிதத்துல அழகாத் தெரியும், ஏமாந்துடாதீங்க.

மீட்டரை விடுங்க, அதைவிடப் பெரிய விஷயம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, லோடு. சைஸுக்கு அப்புறம் வர்ற எண் அதுதான் (கூட இருக்கற டி வேகக் குறி). 85ன்னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 82ன்னா 475. சக்கரத்துக்கு 40 கிலோ போச்சு. அஞ்சு பேர், லக்கேஜோட போறப்ப இது விளையாட்டில்ல. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழ எப்பவும் இறங்கக் கூடாது. ரெண்டு, ஸ்டெப்னி. அது 619.6லயே இருக்கும். முன்பக்கம் பஞ்சராகி அதை மாட்டினா, ஒரே அச்சுல ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசு. ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியல் கியர் நேர் ரோட்லயே வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும், ஏபிஎஸ் லைட்டும் எரியலாம்.

இன்னொண்ணு, வண்டி 18 மி.மீ. கீழ இறங்கும். ஸ்விஃப்ட் தரை இடைவெளியே 163தான். நம்ம ஊர் வேகத்தடையை நினைச்சுக்குங்க.

செல்வி_திருச்சி:
நடுவுல ஒரு சந்தேகம், மன்னிக்கணும். என் வண்டியில டயர் சைஸ் மாத்தவே இல்ல. ஆனா மீட்டர் 100 காட்டறப்ப ஃபோன் ஜிபிஎஸ்ல 95தான் வருது. மீட்டர் ரிப்பேரா?

மின்னல்மெக்கானிக்:
ரிப்பேர் இல்லைங்க மேடம், வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க. ஐ.நா.வோட 39ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுக்கும் எல்லை உண்டு: நிஜ வேகத்துல பத்துல ஒரு பங்கு, அதோட 4 கி.மீ. நிஜமா 100ல போனா 114 வரைக்கும் காட்டலாம். அதனால கம்பெனிக்காரங்க கொஞ்சம் ஏத்தியே செட் பண்ணுவாங்க. ஓடோமீட்டர்ல இந்த ஏத்தம் பொதுவா இருக்காது. ரெண்டையும் தனித்தனியாத்தான் சோதிக்கணும்.

வேகத்துக்கு: நேரான, மேடு பள்ளம் இல்லாத ரோடு, பக்கத்துல ஒருத்தர் ஃபோனைப் பார்க்கணும். 80ல சீராப் பிடிச்சு அரை நிமிஷம் போங்க, ஜிபிஎஸ் கொஞ்சம் தாமதிச்சுத்தான் மாறும். ஓடோமீட்டருக்கு: நெடுஞ்சாலை கி.மீ. கல்லை வச்சு 10 கி.மீ. அளந்தாப் போதும்.

குமரன் சாருக்கு ஒண்ணு. புது டயர் ட்ரெட், அதாவது மேல இருக்கற காடியோட ஆழம், சுமார் 8 மி.மீ. இருக்கும், 1.6ல மாத்தணும். தேய்ஞ்சது 6.4ன்னா விட்டத்துல 12.8 போச்சு, அதாவது 2 சதவீதம். உங்க மொட்டை டயர்லயே மீட்டர் ஏற்கனவே 2 சதவீதம் கூட்டிக் காட்டிக்கிட்டிருக்கு. அதே சைஸ்ல புதுசு போட்டாலே அதே வேகத்துக்கு முள் கொஞ்சம் கீழ நிக்கும். அதைப் பார்த்துட்டு "தப்பு டயர் போட்டுட்டாங்க"ன்னு கடையில போய் சண்டை போடாதீங்க.

டாப்கியர்தம்பி:
அண்ணே, அப்ப பெருசாப் போட்டுட்டா? 15 அலாய் மாட்டி 195/65 ஆர்15? லுக்கு சும்மா அள்ளும்.

மின்னல்மெக்கானிக்:
634.5 மி.மீ., 2.4 சதவீதம் பெருசு. மீட்டர்ல ஏற்கனவே இருக்கற ஏத்தம் இதை விழுங்கிடும், முன்னாடி 100க்கு நிஜம் 96 இருந்தா இப்ப 98 ஆகும். ஆனா ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, பின்னாடி ஆள் ஏத்தி, சக்கர வளைவுக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் லைனர்ல உரசுதான்னு பார்க்கணும். பிக்கப் மந்தமாகும். மைலேஜ் குறைஞ்ச மாதிரித் தெரியும், அதுல 2 சதவீதம் ஓடோமீட்டர் குறைச்சு எண்றதுனாலதான். 15க்குப் போகணும்னா மேல் வேரியண்ட்ல வர்ற 185/65 ஆர்15 தான் சரி. 621.5, உங்க 14லேர்ந்து 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்ல.

ரேடியல்ராஜா:
டயர் விட்டம் "3 சதவீதம் வரைக்கும் கூடலாம், குறையலாம்"னு ஒரு கணக்கை எல்லாரும் தூக்கிட்டு அலையறீங்க. மேல 3ம் கீழ 3ம் ஒண்ணு இல்ல. பெரிய டயர் போட்டா மீட்டர் குறைச்சுக் காட்டற ஆபத்து, கேமரா ஃபைன் அங்கதான் வரும். சின்ன டயர்ல எரிச்சல்தான், ஃபைன் வராது. இது தெரிஞ்சு பேசுங்க.

கோவைக்காரன்:
முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க. ஆனா சைஸைவிட காத்து முக்கியம். 33ல இருக்க வேண்டியது 25க்கு இறங்கினா டயர் அமுங்கி விட்டம் குறையும், மீட்டர் ஏறும். நைட்ரஜன் அடிச்சா இந்தப் பிரச்சினையே இல்ல.

ரேடியல்ராஜா:
நீங்க சாதாரணமா அடிக்கற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து மீதி 22ஐ மாத்தறீங்க. அப்புறம், ரேடியல் டயருக்குள்ள இரும்புக் கம்பி பெல்ட் சுத்தி வருது, அது நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. அச்சு கீழ இறங்கறது நிஜம், ஆனா ஒரு சுத்துக்கு ஓடற தூரம் அந்த அளவுக்குக் குறையாது.

கோவைக்காரன்:
குறையவே குறையாதுன்னா, காத்து குறைஞ்சா சக்கர வேகத்தை வச்சே கண்டுபிடிக்கற வார்னிங் லைட் சில வண்டியில எப்படி வேலை செய்யுது?

ரேடியல்ராஜா:
"அந்த அளவுக்கு"ன்னு எழுதியிருக்கேன். படிக்கவும். கம்ப்யூட்டருக்குத் தெரியற வித்தியாசம் உங்க முள்ளுல தெரியாது.

கோவைக்காரன்:
நைட்ரஜன் சீக்கிரம் கசியாது. அதுக்கு என்ன சொல்றீங்க?

பஞ்சர்பாண்டி:
மாசம் ஒருமுறை காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்ப காத்து பாருங்க. எந்த வாயுவா இருந்தாலும் சரி. சண்டையை வேற இழைக்குக் கொண்டு போங்கப்பா, கேட்டவரைக் காணோம்.
குமரன் சார், அவசரம்னா ஒரே ஒரு மாற்று சொல்றேன்: 185/70 ஆர்14 88டி. 614.6 மி.மீ., ஒரு சதவீதம் கூட குறையல, லோடு 560 கிலோ. 5 இன்ச் அகல இரும்பு ரிம்முக்குச் சரியா உக்காரும். ஸ்டியரிங் கொஞ்சம் கனமாகும், மைலேஜ்ல லேசா அடி. ஆனா நாலும் அதுவாவே இருக்கணும்.
எதை வாங்கினாலும் பக்கவாட்டுல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், பாருங்க. 2324ன்னா 2024ல 23ஆவது வாரம் தயாரிச்சது. அந்தக் கட்டம் ஒரு பக்கம்தான் இருக்கும், உள்பக்கமாத் திருப்பி மாட்டிட்டா அப்புறம் குனிஞ்சுதான் தேடணும். மாட்டறதுக்கு முன்னாடியே பாருங்க.

குமரன்77:
வேற கடையில 165/80 ஆர்14 85டி நாலும் கிடைச்சுது, போட்டாச்சு. அலைன்மெண்ட்டும் முடிஞ்சுது. மீட்டர் 80க்கு ஜிபிஎஸ் 77. எல்லாருக்கும் நன்றி.

மின்னல்மெக்கானிக்:
77 சரியாத்தான் இருக்கு. மொட்டை டயர்ல எவ்வளவு வந்துச்சுன்னு முன்னாடி பார்த்தீங்களா? 75, 76 இருந்திருக்கணும். 100 கி.மீ. ஓடினதும் வீல் நட்டை ஒருமுறை டைட் பார்த்துடுங்க.

பஞ்சர்பாண்டி:
தேதிக் கட்டம் பார்த்தீங்களா?

டாப்கியர்தம்பி:
அண்ணே, 185/65 ஆர்15க்கு அலாய் ஆஃப்செட் (ரிம் நடுக்கோட்டுலேர்ந்து வண்டியில மாட்டற தளம் எவ்வளவு தள்ளி இருக்குங்கறது) எவ்வளவு பார்க்கணும்?