புதுப்பிப்பு: கோட் சூட் இல்லாமல் குயின் மேரி 2 பயணம், சாப்பாடு எப்படி இருந்தது?

குயின் மேரி 2 என்ற பயணிகள் கப்பலில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு 7 இரவுப் பயணம், ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிதான், கோட் சூட் இல்லாமல் சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டியிருக்குமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தாச்சு. திண்டாடவே இல்லை.

காலையிலும் மதியத்திலும் எந்த உடையும் சரிதான். மாலை 6 மணிக்கு மேல்தான் கட்டுப்பாடு. எங்கள் பயணத்தில் 2 காலா இரவுகள், அதாவது எல்லோரும் விருந்து உடையில் வரும் இரவுகள். அன்றைக்கு கப்பலின் முக்கிய உணவகமான பிரிட்டானியாவுக்குள் போக ஆண்களுக்கு டக்ஸிடோவோ (வில் டை கட்டும் விருந்து சூட்) அடர்நிற சூட்டோ வேண்டும். அந்த இரண்டு நாளும் ஏழாம் தளத்தில் இருக்கும் கிங்ஸ் கோர்ட் பஃபேக்குப் போய்விட்டோம். ஜன்னலோர மேசை, வெளியே கும்மிருட்டில் அட்லாண்டிக், தட்டில் ஆவி பறக்கும் சோறும் பருப்பும். கப்பல் ஆடும்போது தம்ளர் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்லத் திரும்பும். என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இரவுகள்தான் ரொம்பப் பிடித்தன.

மற்ற இரவுகளுக்கு காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும் போதும். மேற்கே போகும்போது 5 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பின்னால் வைப்பார்கள், அதனால் நடுராத்திரியில் பசிக்கும். அறைக்கே சாப்பாடு வரவழைக்கலாம்.

அப்புறம், பட்டுச்சேலை ஒன்று இருந்தால் தயங்காமல் எடுத்துப்போங்கள். காலா இரவுக்கு முறையான பாரம்பரிய உடையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் என் மனைவி ஒன்றை மடித்து வைத்திருப்பாள்.