முகாம் முடிந்த பிறகு, தத்தெடுத்த ஊர்களுக்குப் பல்கலைக்கழகம் என்ன செய்யலாம்?

கேள்வி: நலப்பணி அலுவலர், தருமபுரி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழகம் சுற்றியுள்ள ஐந்து ஊர்களைத் தத்தெடுத்து, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமின்போது ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் நடத்திவருகிறது. சென்ற ஆண்டு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாகச் சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் பலர், இந்த ஆண்டும் அதே சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு, ஒரு மாத்திரைகூடத் தொடங்காமல் வரிசையில் நின்றார்கள். எங்களிடம் மருத்துவக் கல்லூரி இல்லை. வேதியியல், சமூகப்பணி, புள்ளியியல் துறைகள் உள்ளன. இவற்றைக் கொண்டு அந்த மக்களுக்கு உண்மையாகப் பயன்படும் வகையில் எதைச் செய்யலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1: சமூக மருத்துவ ஆசிரியர்

ஐயா, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி கணியம்பாடி ஒன்றியத்தில் பல்லாண்டுகளாகச் செய்துவரும் பணியைப் பாருங்கள். அங்கே உள்ளூர்ப் பெண் ஒருவர் பகுதிநேர சுகாதாரப் பணியாளராக இருந்து, கருவுற்றோர், பிறப்பு, இறப்பு ஆகிய விவரங்களைத் தெரிவிக்கிறார். அவருக்கு அடுத்து சுகாதார உதவியாளர், செவிலியர், மருத்துவர் என்று ஒருவர் கண்டதை மற்றவர் தொடர்ந்து கவனிக்கும் வரிசை இருக்கிறது. மருத்துவர் எப்போது வருவார் என்பதும் ஊருக்குத் தெரியும். அதே கல்லூரி 1977இல் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் தொடங்கிய ருசா (RUHSA) என்னும் ஊரக நலவாழ்வு, சமூக நல அமைப்பு, மருத்துவத்தோடு ஊரக மேம்பாட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை பதிவேடுதான். உங்கள் புள்ளியியல் துறை வீட்டு எண் வாரியாக ஒரு பதிவேட்டைத் தொடங்கி, மாணவர் அணி மாறும்போதெல்லாம் முறையாகக் கைமாற்றட்டும். அது இல்லாமல் நடத்தும் முகாம், என் கருத்தில், நிழற்படத்துக்கு மட்டுமே உதவும். நோய் விவரங்கள் வெளியே கசியாமல் காப்பதும் உங்கள் பொறுப்பு.

மறுமொழி 2: கிராம சுகாதார செவிலியர்

சார், முகாமில் கண்டறிந்தவர்களின் பட்டியலை, அவரவர் ஒப்புதலுடன், அந்த வாரத்திலேயே துணை சுகாதார நிலையத்துக்குக் கொடுத்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே செல்கின்றன; பட்டியலில் பெயர் ஏறாதவருக்கு அவை எப்படிச் சென்று சேரும்? கூலி வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை என்பதால், உங்கள் மாணவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் சென்று, மாத்திரை கிடைத்ததா, நடுவில் நிறுத்திவிட்டார்களா என்று கேட்டுச் சொன்னாலே எங்களுக்குப் பேருதவி. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் மிகுதி.

மறுமொழி 3: வேதியியல் பேராசிரியர்

மேலே கூறியவை சரியே. ஆனால் தருமபுரியில் இருந்துகொண்டு தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த மாவட்டம் அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. காவிரி நீர் வராத நாட்களில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் போகிறார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை அனுமதிக்கப்படுகிறது. உங்கள் ஆய்வகத்தில் புளோரைடு அளக்கும் மின்முனை இருந்தால், ஐந்து ஊர்களின் ஒவ்வொரு குழாயையும் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி அந்தக் குழாயருகிலேயே ஒட்டலாம். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, நீர் சுண்டும்போது அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும் என்பதையும் தாய்மார்களிடம் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு நெடுநேரம் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். பற்களில் பழுப்புக் கறை ஏறிய பின்பே ஐயம் வருகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பதிவேட்டையும் நீர்ச் சோதனையையும் இந்தப் பருவத்திலேயே தொடங்கத் துறைத் தலைவர்களிடம் பேசுகிறேன். ஒப்புதல் படிவத்தின் மாதிரி யாரிடமாவது தமிழில் இருந்தால் இங்கே பகிருங்கள். கையெழுத்திடத் தெரியாதவர்களுக்கு அதை எப்படிப் படித்துக் காட்டுகிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.