கல்லறைப் பலகை வடிவமைக்க ஏற்ற மென்பொருள் எது?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். நாகப்பட்டினத்தில் என் சித்தப்பாவுடன் சேர்ந்து கருப்பு கிரானைட்டில் கல்லறைப் பலகைகள் செய்துவருகிறேன். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்துகளை அமைத்து, பிளாட்டர் என்னும் வெட்டும் இயந்திரத்தில் ஸ்டிக்கர் வெட்டி, அதைக் கல்லில் ஒட்டி, மணல் பீய்ச்சிப் பொறிக்கிறோம்.

தமிழ் எழுத்துகளில்தான் சிக்கல். சில எழுத்துருக்களில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், அவை சந்திக்கும் இடத்தையும் பிளாட்டர் தனியாக வெட்டிவிடுகிறது. ஸ்டிக்கரை உரிக்கும்போது அந்தச் சிறு துண்டு கல்லிலேயே தங்கிவிட்டால், பொறித்த பின் எழுத்தின் நடுவே மேடாகத் தெரிகிறது. கோடுகளை ஒன்றாக இணைக்கும் ‘வெல்டு’ கட்டளையைக் கொடுத்தால் இது சரியாகிவிடும் என்றாலும், அதன்பின் எழுத்துகள் வெறும் வடிவங்களாகிவிடுவதால், ஓர் எழுத்தைத் திருத்தவும் வரி முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. துக்கத்தில் இருப்பவர்கள் பெயரையோ தேதியையோ கடைசி நேரத்தில் மாற்றச் சொல்வது இயல்பு. அவர்களைக் காக்கவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் இதே வேலையைச் செய்யும் ‘யூனியன்’ வசதி உண்டு. அதிலிருந்து எடுக்கும் டிஎக்ஸ்எஃப் (DXF) வகை வரைபடக் கோப்பு பிளாட்டரில் அளவு மாறாமல் வெட்டுகிறதா? கல்லறை வடிவமைப்புக்கென்றே விற்கப்படும் மென்பொருள்களில் யூனிகோடு தமிழ் சரியாக வருகிறதா, அல்லது ‘கொ’ என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கிறதா? சிலுவையோ பிறையோ வைத்த பலகையைக் கல்லின் நிறத்திலேயே குடும்பத்தாருக்குக் காட்ட முடிந்தால் பேருதவியாக இருக்கும். பயன்படுத்தியவர்கள் அனுபவத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். மாதிரிக் கோப்பு தேவையென்றால் இங்கேயே பகிர்கிறேன்.