30 பேர் பாட்டுப் போட்டி: அமெரிக்கன் ஐடல் முதல் சீசன் அமைப்பை அப்படியே எடுக்கலாமா?

மைக்டெஸ்டிங்:

இணையவழியில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தப் போகிறோம். 30 பேர், வாரம் ஒரு நேரலை, பார்ப்பவர்கள் ஓட்டு. 2002ல் ஃபாக்ஸ் சேனலில் வந்த அமெரிக்கன் ஐடல் முதல் சீசனை அச்சாக வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் பேச்சு. அதை வரிசையாகப் பார்த்தவர்களிடம் சில சந்தேகங்கள்.

30 பேரை 10 ஆக்கியது எப்படி? நடுவர்களுக்கு ஓட்டில் பங்கு இருந்ததா? அந்த சீசன் போட்டியாளர் டமைரா கிரேயை மூன்று நடுவர்களும் கொண்டாடினார்கள், ஆனால் நாலாவது இடத்திலேயே வெளியே போய்விட்டார். அது ஓட்டு முறையின் கோளாறா, ரசிகர்களின் விருப்பமா? ஒரு பாட்டுக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கலாம்?

பாட்டு எப்படி, யார் அழகு என்ற பேச்சு வேண்டாம். நடத்துகிறவர் கண்ணில் பார்த்துச் சொல்லுங்கள்.

---

நாலுகட்டை:

அமைப்பை மட்டும் நான் சொல்கிறேன், ஓட்டுக் கணக்கை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடிஷன் ஏழு ஊர்களில் நடந்தது: லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில், சிகாகோ, நியூயார்க், அட்லாண்டா, டாலஸ், மயாமி. வயது வரம்பு 16 முதல் 24. ஆடிஷனில் பக்கவாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். அங்கே தேறியவர்களை ஹாலிவுட் சுற்றில் வடிகட்டி 30 பேராக்கினார்கள்.

அந்த 30 பேர் பத்துப் பத்தாக மூன்று குழு. ஒவ்வொரு குழுவிலும் மக்கள் ஓட்டில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் உள்ளே. ஆக ஒன்பது பேர். பத்தாவது ஆள் வைல்டு கார்டு. தோற்றவர்களில் சிலரைத் திரும்பப் பாட வைத்து நடுவர்கள் ஒருவரை எடுத்தார்கள், அப்படி வந்தவர் ஆர்ஜே ஹெல்டன். அவர் ஐந்தாம் இடம் வரை போனார், அதனால் வைல்டு கார்டு சும்மா கண்துடைப்பு என்று சொல்ல முடியாது.

முதல் பத்துக்குப் பிறகு நடுவர்களுக்கு ஓட்டே இல்லை. சைமன் கவல், பாலா அப்துல், ரேண்டி ஜாக்சன் மூவரும் கருத்து மட்டும்தான் சொல்ல முடியும். "ஒருவரைக் காப்பாற்றும் உரிமை" என்பது 2009ல், எட்டாவது சீசனில்தான் வந்தது. சீசனுக்கு ஒரே முறை.

முதல் வாரம் இரண்டு பேர் வெளியே, அதற்குப் பிறகு வாரம் ஒருவர். வாரத்துக்கு ஒரு கருப்பொருள்: மோட்டவுன் (அந்தப் பெயர்கொண்ட இசை நிறுவனத்தின் சோல் பாட்டுகள்), அறுபதுகள், எழுபதுகள், பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் வாத்தியக் குழுவோடு பாடும் பாட்டு), இசையமைப்பாளர் பர்ட் பேக்கராக்கின் பாட்டுகள், எண்பதுகளும் தொண்ணூறுகளும். இதை நீங்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பொருள் இல்லையென்றால் ஒவ்வொருவரும் தனக்குக் கைவந்த ஒரே வகைப் பாட்டைப் பத்து வாரமும் பாடுவார். பிக் பேண்ட் வாரத்தில், கடைசியில் பட்டம் வென்ற கெல்லி கிளார்க்சன் பாடியதைக் கேளுங்கள். அதுவரை காட்டாத ஒரு பக்கம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

குழு பிரிப்பதில் ஒரு பள்ளம் உண்டு. மூன்று குழுவும் சம பலமாக இருக்காது. பலமான குழுவில் நாலாவதாக வந்தவர், பலவீனமான குழுவில் முதலில் வந்தவரைவிட நன்றாகப் பாடியிருக்கலாம். ஒரு வைல்டு கார்டு அதைச் சரிக்கட்டப் போதாது. 30 பேருக்கு 7 + 3 என்று வையுங்கள்: குழுவுக்கு இரண்டு பேர் ஓட்டில், மொத்தத்தில் அடுத்த அதிக ஓட்டு விகிதம் வாங்கிய ஒருவர், மீதி மூன்று வைல்டு கார்டு. மூலமான பிரிட்டிஷ் பாப் ஐடலில் 50 பேர், ஐந்து குழு, குழுவுக்கு இரண்டு பேர். அங்கே மூன்றாவதாக வந்தவரின் கதி இன்னும் மோசம்.

---

எண்ணும்எழுத்தும்:

ஓட்டுக் கணக்கு என் பங்கு.

முதலில் அடிப்படை: அது "யார் பிடிக்கும்" என்ற ஓட்டு. "யார் வேண்டாம்" என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் முடிவு மட்டும் "யார் கடைசி" என்று பார்த்து எடுக்கப்படுகிறது. கேள்வி ஒன்று, விடை வேறொன்று. டமைரா விவகாரம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சின்னக் கணக்கு பாருங்கள். நான்கு பேர் மிச்சம், 100 ஓட்டு. அ, ஆ இருவரும் பெரிய குரல் எடுத்து உருக்கமாகப் பாடுகிறவர்கள், ஒரே மாதிரி ரசிகர்கள். இ ஒரு கவர்ச்சியான பையன். ஈ மட்டும் ராக் பக்கம்.

அ 24, ஆ 21, இ 30, ஈ 25.

ஆ வெளியே. பெரிய குரல் பிடிக்கும் என்று 45 பேர் சொல்லியும் அவர்களுடைய ஓட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. ஈக்கு 25 பேரைத் தவிர வேறு யாரும் கிடையாது, ஆனால் அந்த 25 பேர் பிரியவில்லை. கெல்லியும் டமைராவும் ஒரே வாசலில் நின்றார்கள், ராக் பக்கம் இருந்த நிக்கி மெக்கிபின் தனி வாசலில் நின்றார். பல வாரம் கடைசி மூவரில் நின்ற நிக்கி மூன்றாம் இடம் பிடித்ததற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். அத்துடன் "இவருக்கு என்ன, எப்படியும் தப்பிச்சிடுவார்" என்று ரசிகர்கள் ஃபோனை எடுக்காமல் விடுவது வேறு. நடுவர் புகழ்ச்சி அதிகமாக இருந்தால் இந்த மெத்தனமும் அதிகம்.

இப்போது அதே 100 பேரிடம் இரண்டு பெயர் கேளுங்கள். முதல் விருப்பத்துக்கு 2 புள்ளி, அடுத்ததுக்கு 1. அ-வின் 24 பேர் அடுத்து ஆ-வைச் சொல்கிறார்கள். ஆ-வின் 21 பேர் அ-வை. இ-யின் 30 பேர் பாதிப் பாதி. ஈ-யின் 25 பேரில் 15 பேர் இ, ஐந்து ஐந்தாக அ, ஆ. கூட்டிப் பாருங்கள்: அ 89, ஆ 86, இ 75, ஈ 50. தலைகீழ். ஒரு ஓட்டுக்கூட மாறவில்லை, கேட்ட விதம்தான் மாறியது.

அடுத்தது தொலைபேசி. முதல் சீசனில் குறுஞ்செய்தி ஓட்டு கிடையாது, அது இரண்டாவது சீசனில் வந்தது. போட்டியாளருக்கு ஒரு கட்டணமில்லா எண், ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம். இதில் பலரும் கவனிக்காத இடம், லைன் நெரிசல். ஓர் அழைப்பு 10 விநாடி என்றால் ஒரு லைன் மணிக்கு 360 ஓட்டு எடுக்கும். ஓர் எண்ணுக்கு 1,000 லைன் என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 3,60,000தான் உச்சம். ஒருவருக்கு 9 லட்சம் பேர் முயல்கிறார்கள், இன்னொருவருக்கு 4 லட்சம் பேர். இருவருக்கும் பதிவாவது அதே 3,60,000. லைன் நிரம்பிவிட்டால் நீங்கள் எண்ணுவது ரசிகர்களை அல்ல, லைன்களை. லைன் எண்ணிக்கை என் உதாரணம்தான், ஆனால் வேலை செய்யும் விதம் இதுதான். தானாக டயல் செய்யும் மென்பொருள் வைத்திருந்தவர்களுக்கு இந்த நெரிசலில் கொண்டாட்டம், அந்தப் புகார் அப்போதே பத்திரிகைகளில் வந்தது.

இறுதிச் சுற்றில் 1.55 கோடி ஓட்டு. கெல்லிக்கு 58 சதவீதம், அதாவது சுமார் 90 லட்சம். ஜஸ்டின் குவாரினிக்கு சுமார் 65 லட்சம். இவ்வளவு இடைவெளி இருந்தால் நெரிசல் முடிவை மாற்றியிருக்காது. ஆனால் நடு வாரங்களில் கடைசி இரண்டு பேருக்கு நடுவே நூலிழைதான் இருந்திருக்கும், அங்கே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாராவாரம் எண்ணிக்கையை அறிவிக்கவும் இல்லை.

---

மைக்டெஸ்டிங்:

இரண்டு பெயர் கேட்பது நல்ல யோசனை. எங்களுடையது இணையப் படிவம், லைன் நெரிசல் வராது. கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பி, எண்ணுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் போதுமா? பாட்டு நேரம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

---

எண்ணும்எழுத்தும்:

ஓடிபி போதும். மூன்று விஷயம் மட்டும் கூடுதலாகப் பாருங்கள். படிவத்தில் பெயர் வரிசை ஒவ்வொருவருக்கும் மாறி மாறி வரட்டும், மேலே இருக்கும் பெயருக்குச் சும்மாவே நாலு ஓட்டு விழும். நேரலை முடிந்த பிறகு ஓட்டைத் திறங்கள், நடுவில் அல்ல, முதலில் பாடியவருக்கு அரை மணி நேரம் அதிகம் கிடைத்துவிடும். ஓட்டு நடக்கும்போது எண்ணிக்கையைத் திரையில் காட்டாதீர்கள்.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதை முதல் நிகழ்ச்சிக்கு முன்பே எழுதி வெளியிடுங்கள். வந்த பிறகு யோசித்தால் எந்த முடிவும் சந்தேகத்தில்தான் முடியும்.

---

ஒலிப்பலகை:

நேரத்துக்கு வருவோம். ஒருவருக்கு: அறிமுகத் துண்டு 30 விநாடி, பாட்டு 1:30, மூன்று நடுவர் தலா 20 விநாடி, தொகுப்பாளர் பேச்சும் மாற்றமும் 30 விநாடி. மொத்தம் மூன்றரை நிமிஷம். பத்துப் பேருக்கு 35. கடைசியில் எல்லோரையும் ஆளுக்கு 12 விநாடி திரும்பக் காட்ட 2 நிமிஷம், தொடக்கத்துக்கும் ஓட்டு விளக்கத்துக்கும் 5. ஆக 42 நிமிஷம். இதில் எப்போதும் இடிப்பது நடுவர் பேச்சுதான். தலா 45 விநாடி பேசினால் பன்னிரண்டரை நிமிஷம் கூடிவிடும். அவர்கள் கண்ணில் படும்படி ஒரு கடிகாரம் வையுங்கள், சொல்லிப் பார்த்தால் கேட்க மாட்டார்கள்.

ஒன்றரை நிமிஷத்துக்குப் பாட்டை வெட்டுவது தனி வேலை, அதைப் போட்டியாளர் கையில் விட்டால் நீண்ட முன்னிசையோடு கொண்டு வருவார். நிமிஷத்துக்கு 72 தட்டு, நாலு தட்டுக்கு ஒரு பார் என்றால்: முன்னிசை 2 பார் சுமார் 7 விநாடி, பாட்டு 24 பார் 80 விநாடி, கடைசிச் சுரத்தை நிறுத்திப் பிடிக்க 3 விநாடி. அவ்வளவுதான் இடம். 120 தட்டு வேகம் என்றால் 45 பார் கிடைக்கும். முன்னிசையை 2 பாருக்குமேல் விடாதீர்கள். ஒரு சரணம், அதிலிருந்து நேராக உச்சத்துக்கு. இரண்டாவது சரணத்துக்கு ஆசைப்படுகிறவர்தான் உச்சம் வரும்முன் ட்ராக் (பதிவு செய்த பின்னணி இசை) தேய்ந்து முடிந்து நிற்பார்.

வெட்டும் இடம் பாரின் முதல் தட்டில் இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒரே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). 10, 20 மில்லி விநாடிக்கு ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்துவிட்டால் "டக்" சத்தம் வராது. முந்தைய பாரின் எதிரொலி தொங்கிக்கொண்டிருந்தால் வெட்டு பளிச்சென்று தெரியும், அங்கே ஒரு சிம்பல் அடி போட்டு மறைக்கலாம்.

சுருதி: ட்ராக்கை இரண்டு அரைச்சுரம் ஏற்றி இறக்கினால் ஒன்றும் தெரியாது. மூன்றைத் தாண்டினால் கிட்டார் பொம்மை மாதிரி ஒலிக்கும். டிரம்ஸ் தனியாகக் கிடைத்தால் அதைத் தொடாமல் மற்றதை மட்டும் மாற்றுங்கள். பாட்டின் உச்சச் சுரம், பாடுகிறவர் நிதானமாகத் தொடும் உச்சத்துக்கு ஒரு முழுச்சுரம் கீழே இருக்க வேண்டும். வீட்டில் எட்டிய சுரம் நேரலைப் படபடப்பில் எட்டாது.

இணைய நேரலை என்பதால் இன்னொன்று. ட்ராக் பாடுகிறவரின் இடத்திலேயே ஓட வேண்டும். நீங்கள் இங்கிருந்து ட்ராக் அனுப்பி அவர் அங்கிருந்து பாடினால் இரண்டும் சேரவே சேராது. வயர் உள்ள ஹெட்ஃபோன் மட்டும். புளூடூத்தில் விழும் தாமதத்தால் நன்றாகப் பாடுகிறவரும் தாளம் தப்பியவர் போலத் தெரிவார். அழைப்புச் செயலியின் இரைச்சல் நீக்கியை அணைக்கச் சொல்லுங்கள், அது நீண்டு பிடிக்கும் சுரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும்.

---

ஆமைவேகம்:

டமைரா பற்றி எண்ணும்எழுத்தும் சொன்னதில் பாதிதான் ஏற்கிறேன். ஓட்டு பிளந்தது என்றால் கெல்லிக்கும் அடி விழுந்திருக்க வேண்டும் அல்லவா? ஒருவருக்கு நாலு வாரமும் புகழ்ச்சியே விழுந்தால் அவருக்கு வளர்ச்சிக் கதை இல்லாமல் போகிறது. கெல்லி வாராவாரம் ஏறிக்கொண்டே வந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பாப் ஐடலிலும் போட்டியாளர் வில் யங், அங்கேயும் நடுவராக இருந்த சைமன் கவலுக்கு மரியாதையாகத் திருப்பிப் பதில் சொன்ன அன்றுதான் பலருக்கு அவர் முகம் பதிந்தது. கடைசியில் 87 லட்சம் ஓட்டில் 46 லட்சம் வாங்கி கேரத் கேட்ஸைத் தாண்டினார். நடுவர்களிடம் "புகழாதீர்கள்" என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் திருத்திக்கொள்ள ஒரு குறையாவது சொல்லச் சொல்லலாம்.

யாரும் தொடாத ஒன்று: மாற்று ஆள். முதல் சீசனில் 30 பேரில் ஒருவர் வயதை மறைத்தது தெரிந்து நீக்கப்பட்டார், அந்த இடத்துக்கு வந்த ஈஜே டே முதல் பத்துக்குள்ளும் நுழைந்துவிட்டார். பாப் ஐடலில் ரிக் வாலருக்குத் தொண்டைத் தொற்று. பதிலுக்கு வந்த டேரியஸ் மூன்றாம் இடம். 31, 32, 33 என்று மூன்று பேரை வரிசை போட்டு, பாட்டும் ட்ராக்கும் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். வயதுச் சான்றை ஆடிஷன் அன்றே வாங்கிவிடுங்கள். முதல் பத்தில் வந்த பிறகு கேட்டால் அதுவரை விழுந்த ஓட்டை என்ன செய்வீர்கள்?

---

மைக்டெஸ்டிங்:

சான்று கேட்கும் பகுதி எங்கள் படிவத்தில் இல்லவே இல்லை. இன்றைக்கே சேர்க்கிறோம். குழுப் பிரிப்பு 7 + 3, ஓட்டு இரண்டு விருப்பம், பாட்டு 1:30. நடுவர் கடிகாரத்தை யார் மாட்டுவது என்பதில்தான் இன்னும் தகராறு.